ஏற்காட்டில் அத்தி போன்சாய் வாங்குகிறவர்கள் முதலில் அடிமரத்தை ஆட்டிப் பாருங்கள்

போன மாசி மாதம் ஏற்காட்டில் ஒரு சாலையோரச் செடிக்கடையில் 6,500 ரூபாய் கொடுத்து அத்தி போன்சாய் ஒன்று வாங்கினேன், அதாவது தொட்டியில் குட்டையாக வளர்த்த அத்தி மரம். "இருபது வருஷத்து மரமுங்கக்கா, சீமை அத்தி, அடுத்த வருஷம் காய் பிடிக்கும்" என்றார் கடைக்காரர். சீமை அத்தி என்றால் உலர்பழமாகக் கடையில் கிடைக்குமே, அந்த அத்தி. சித்திரை முடிவதற்குள் பட்டுப்போனது. பணம் போனது ஒரு பக்கம். அது தொட்டியில் வளர்ந்த மரமே இல்லை என்று தெரிந்தபோதுதான் வயிறு எரிந்தது.

பார்க்க அத்தனை அழகு. மணிக்கட்டுப் பருமனில் வளைந்த தண்டு, உச்சியில் கொத்தாக இளந்தளிர், நீலப் பீங்கான் தொட்டி, மண் தெரியாமல் வெள்ளைக் கூழாங்கல். "ஹாலில் டிவி பக்கத்துல வைங்க, வாரம் ஒரு டம்ளர் தண்ணி போதும்" என்று அவர் சொன்னபோதே உறுத்தியது. சேலம் அஸ்தம்பட்டி வீட்டு மொட்டை மாடியில் எட்டு வருஷமாக ஓர் ஆலும் ஓர் அரசும் தொட்டியில் வைத்திருக்கிறேன். ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாம் ஒரே குடும்பம். வெயில் பட்டால்தான் இலை சிறுத்துக் கணு நெருங்கி வரும். வீட்டுக்குள் வைத்தால் வெளிச்சம் தேடி நோஞ்சானாக நீளும். அதனால் மாடியில்தான் வைத்தேன், காலை வெயில் மட்டும் படும்படி.

மூன்றாவது வாரம் தளிர்கள் தொங்கின, அப்புறம் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. போன் செய்தேன். "மலையிலிருந்து கீழே போனா அப்படித்தாங்கக்கா, இடம் மாறினா அத்தி இலை கொட்டும்." இதில் பாதி உண்மை, அதனால்தான் நம்பிவிட்டேன். சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரிலிருந்து சேலம் வெயிலுக்கு வரும் அத்தி இலை கொட்டுவது வழக்கம்தான். ஆனால் வேர் நன்றாக இருந்தால் சில வாரத்தில் கணுவில் கூர்மையான மொட்டு எட்டிப் பார்க்கும். இதில் வரவில்லை. நகத்தால் பட்டையைச் சுரண்டினேன். உள்ளே பச்சை இல்லை, பழுப்பு. அத்தியைக் கீறினால் பால் கசிய வேண்டும், ஒரு சொட்டு இல்லை.

கூழாங்கல்லை எடுக்கப் போனால் வரவில்லை. பசை போட்டு ஒரே தகடாக ஒட்டியிருந்தார்கள். அதை உடைத்துவிட்டுத் தண்டைப் பிடித்தேன். இழுக்கக்கூட இல்லை, கையோடு வந்துவிட்டது. அடிப்பாகம் ரம்பத்தால் அறுத்தபடி தட்டையாக, கறுத்து அழுகிப்போய் இருந்தது. ஓரத்தில் நூல் மாதிரி நாலு வேர். தொட்டியில் வெறும் களிமண், அடியில் இருந்த ஒரே துளையும் சிமெண்ட்டால் அடைபட்டிருந்தது.

விஷயம் இதுதான். முருங்கைப் போத்து நடுகிறோமே, அதே மாதிரி எங்கோ நின்ற பெரிய அத்தியில் தடித்த கிளையை அறுத்துத் தொட்டியில் குத்தியிருக்கிறார்கள். தண்டில் சேர்ந்திருக்கும் சத்தை வைத்தே வேர் இல்லாமல் சில வாரம் தளிர் விடும். அந்தச் சில வாரத்தில் விற்றுவிடுவார்கள். உச்சியில் அறுத்த வெட்டு தெரியாமலிருக்கச் செம்மண்ணைக் குழைத்துப் பூசியிருந்தது. ஒரு வருஷம் வேர் பிடிக்கவிட்டு, போத்தில் வந்த மரம் என்று உண்மையைச் சொல்லி 800 ரூபாய்க்கு விற்றிருந்தால் நானே இரண்டு வாங்கியிருப்பேன்.

சீமை அத்தியும் இல்லை. அதன் இலை விரித்த கைபோல மடல் மடலாக, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். இது மடலே இல்லாத நீள இலை, நம் ஆற்றங்கரை நாட்டு அத்தி. கேட்டதற்கு "வளர வளர மடல் வருமுங்க" என்றார்.

வாங்கும்போது அடிமரத்தை மெதுவாக ஆட்டுங்கள். தொட்டியோடு சேர்ந்து அசைய வேண்டும், தனியாக ஆடினால் விட்டுவிடுங்கள். பழைய மரமென்றால் அடியில் வேர்கள் மண்ணைக் கவ்வி வெளியே புடைத்திருக்கும். கூழாங்கல்லை விரலால் நெம்புங்கள், தொட்டியைத் தூக்கித் துளையைப் பாருங்கள். சரி, கடைக்காரர் கோபப்படுவார், படட்டும்.

இரண்டாம் முறை போன் செய்தபோது "நீங்க தண்ணி அதிகமா ஊத்தியிருப்பீங்க" என்றார். மூன்றாம் முறை என் எண்ணைத் தடுத்துவிட்டார். போன ஞாயிறு அந்த வழியாகத்தான் வந்தோம். அதே பலகையில் அதே நீலத் தொட்டியில் நாலு தண்டு, புதுத் தளிரோடு நிற்கின்றன.