போஸ்ட்கிரெஸ் அனுமதிகளோடு எட்டு வருடம்

எங்கள் அலுவலகத்தில் ஸ்டாக், பில்லிங் எல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஓட ஆரம்பித்து எட்டு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் அப்ளிகேஷன், ரிப்போர்ட், பேக்கப் எல்லாமே, எந்தத் தடையும் இல்லாத ஒரே சூப்பர்யூசர் லாகினில்தான். பாஸ்வேர்டு ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பிலேயே கிடந்தது. ரிப்போர்ட் எடுக்கும் தம்பி ஒருநாள் டெஸ்ட் சர்வர் என்று நினைத்து லைவில் டெலீட் அடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அன்று ராத்திரியே உட்கார்ந்து ரோல் (அனுமதிகளைத் தாங்கும் கணக்கு) பிரித்தேன். லாகின் இல்லாத மூன்று ரோல்: டேபிள்களுக்குச் சொந்தக்கார ரோல், எழுதுவதற்கு ஒன்று, படிக்க மட்டும் ஒன்று. புது ஆள் வந்தால் அவருக்கென்று லாகின் போட்டு இதில் ஒன்றில் சேர்ப்பதோடு சரி. இந்த ஏற்பாடு இன்றுவரை அசையவில்லை.

படுத்தி எடுத்தது வேறொன்று. ஒரு ஸ்கீமாவில் (டேபிள்களைத் தொகுத்து வைக்கும் பிரிவு) 'ஆல் டேபிள்ஸ் இன் ஸ்கீமா' என்று கிராண்ட், அதாவது அனுமதி, கொடுத்தால், அந்த நிமிடம் இருக்கும் டேபிள்களுக்கு மட்டும்தான் அது. அடுத்த வாரம் புது டேபிள் வந்ததும் ரிப்போர்ட்டில் 'பெர்மிஷன் டினைட்'. சரி என்று, இனி உருவாகும் டேபிள்களுக்கு அனுமதி தரும் 'ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலேஜஸ்' போட்டேன். அதற்கடுத்த டேபிளுக்கும் அதே எரர்! பாதி நாள் போனது. விஷயம் இதுதான்: அந்தக் கட்டளையை எந்த ரோலில் ஓட்டுகிறோமோ, அந்த ரோல் உருவாக்கும் டேபிள்களுக்கு மட்டுமே அது செல்லும். நான் ஓட்டியது சூப்பர்யூசரில்; டேபிளை உருவாக்குவதோ சொந்தக்கார ரோல். 'ஃபார் ரோல்' என்று அதன் பெயரைச் சேர்த்ததும் அடங்கியது. போஸ்ட்கிரெஸ்ஸுக்குக் கட்டளை அடிக்கும் பிஎஸ்கியூஎல்லில் பேக்ஸ்லாஷ் போட்டு டிடிபி என்று அடித்திருந்தால், எந்த ரோலுக்கு என்பது முதல் நெடுவரிசையிலேயே தெரிந்திருக்கும்.

தானாக எண் ஏறும் சீரியல் நெடுவரிசை உள்ள டேபிளில் இன்சர்ட் அனுமதி கொடுத்தால் போதாது, அந்த எண்ணைத் தரும் சீக்வென்ஸுக்கும் யூசேஜ் அனுமதி வேண்டும். அதே வேலையைச் செய்யும் ஐடென்டிட்டி நெடுவரிசைக்கு இந்தத் தொல்லை இல்லை; புது டேபிளுக்கெல்லாம் அதுதான்.

புது டேட்டாபேஸில் தானாகவே இருக்கும் பப்ளிக் ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கலாம் என்ற தாராளத்தை 2022-ல் வந்த 15-ஆம் பதிப்பில் நிறுத்தினார்கள். நானும் நம்பி இருந்துவிட்டேன். ஆனால் அப்கிரேட் செய்த டேட்டாபேஸில் பழைய அனுமதி கூடவே வந்துவிடும். ஒரு வருடம் கழித்துப் பார்த்துக் அந்த அனுமதியைக் கையால் ரிவோக் (ரத்து) செய்தேன்.

போன மாதம் வேலையை விட்டுப் போன ஒருவரின் ரோலை டிராப் செய்யப் போனால், அதைச் சார்ந்த பொருட்கள் இருக்கின்றன என்று மறுத்தது. அவருடைய பொருட்களை வேறு ரோலுக்கு மாற்ற 'ரீஅசைன் ஓன்ட்', பிறகு மிச்ச அனுமதிகளை நீக்க 'டிராப் ஓன்ட்', ஒவ்வொரு டேட்டாபேஸிலும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். மூன்றில் முடித்துவிட்டு, நாலாவது வெறும் டெஸ்ட்தானே என்று விட்டேன். அது விடவில்லை.