ஏழு கிலோஹெர்ட்ஸில் ஒரு முள்: யூமிக்-1 மைக்கோடு சில மாதங்கள்

என் ஸ்பீக்கரில் எட்டு அங்குல ஃபுல்ரேஞ்ச் டிரைவர், அதாவது கீழ் ஒலி முதல் மேல் ஒலி வரை எல்லாவற்றையும் ஒன்றே ஒலிக்கும் டிரைவர்; நடுவில் ட்ரெபிளுக்கென்று (உயர் அதிர்வெண் ஒலிகளுக்கென்று) ஒரு சின்னக் காகிதக் கூம்பு. ஒலியைப் பல டிரைவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் கிடையாது. பெட்டியை நானே அறுத்து ஒட்டினேன். பாடுகிறவர் எதிரே உட்கார்ந்து பாடுவது போல இருக்கும், அதற்காகவே இந்த வகை ஸ்பீக்கர் பக்கம் வந்தேன். ஆனால் 'ஸ', 'ஷ' வரும் இடமெல்லாம் ஊசி குத்தியது. வயலின் மேல் ஸ்தாயிக்குப் போனால் கை தானாக வால்யூமுக்குப் போய்விடும்.

முதலில் காதை நம்பியே வேலை பார்த்தேன். பெட்டிக்குள் கூடுதல் பஞ்சு, டிரைவரைச் சுற்றி கம்பளித் துணி வளையம். ஒருநாள் சரியாகிவிட்டது போலத் தோன்றும், மறுநாள் அதே குத்தல். அப்புறம்தான் மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூமிக்-1 என்ற ஒலி அளக்கும் மைக்கை வாங்கினேன்.

யூஎஸ்பி கேபிளைக் கணினியில் செருகினால் போதும், தனி சவுண்ட் கார்டு வேண்டாம். ஒவ்வொரு மைக்குக்கும் அதன் வரிசை எண்ணுக்கு உரிய திருத்தக் கோப்பு கிடைக்கும். ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளில் அதை ஏற்றிவிட்டு அளக்கலாம். ஒரு எச்சரிக்கை: கோப்பு இரண்டு, 0 டிகிரிக்கு ஒன்று, 90 டிகிரிக்கு ஒன்று. ஸ்பீக்கரை நோக்கி நீட்டி அளக்கும்போது 0 டிகிரி கோப்புதான். நான் ஒரு மாலை முழுக்க மற்றதை வைத்து அளந்துவிட்டேன். பிழை வருவது முக்கியமாக ட்ரெபிளில்தான், நாம் தேடும் இடமும் அதுவே. அன்றைய அளவுகளை எல்லாம் அழிக்க வேண்டியதாயிற்று.

ஸ்பீக்கரையும் மைக்கையும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்தேன். தரையில் பட்டு வரும் எதிரொலி நேர் ஒலியைவிடச் சுமார் 3.6 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். பதிவான அளவை அது வருவதற்கு முன்பே வெட்டிவிட்டால் அறையின் கலப்பு இல்லாத ட்ரெபிள் கிடைக்கும். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்த அளவை நம்ப முடியாது, இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை.

கிராஃப் வந்ததும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 7 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒலி ஆறு டெசிபல் கூடி ஒரு மேடு, அதைத் தாண்டி 9.5-இல் ஒரு பள்ளம். இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் கோன் (டிரைவரில் அசையும் பெரிய கூம்புப் பரப்பு) ஒரே துண்டாக அசைவதில்லை, அங்கங்கே தனித்தனியாக நெளிகிறது. பெரிய கோனும் சின்னக் கூம்பும் ஓரிடத்தில் கைகோக்கும், இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். எவ்வளவு பஞ்சு அடைத்தாலும் இது மாறாது.

மேட்டை இறக்க, 0.22 மில்லிஹென்றி காயில், 2.2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 8 ஓம் ரெசிஸ்டர் மூன்றையும் இணையாகச் சேர்த்து டிரைவருக்குத் தொடராகப் போட்டேன். கணக்குப்படி 7.2 கிலோஹெர்ட்ஸில் வெட்டும். 8 ஓம் டிரைவருக்கு ஆறு டெசிபல் இறங்கும் என்று எதிர்பார்த்தேன், நாலுதான் இறங்கியது. வாய்ஸ் காயிலின் (கோனை அசைக்கும் கம்பிச் சுருளின்) இண்டக்டன்ஸால், அதாவது அதிர்வெண் ஏற ஏறத் தடையைக் கூட்டும் குணத்தால், அந்த அதிர்வெண்ணில் டிரைவர் 8 ஓமாக இல்லை, 13-ஐ ஒட்டி ஏறியிருந்தது. ரெசிஸ்டரை 12 ஓமாக மாற்றியதும் மேடு படிந்தது. பழைய வயலின் பதிவைப் போட்டேன். வில் நரம்பில் உரசுவது கேட்டது, குத்தல் இல்லை. அன்று இரவு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நேரெதிரே மட்டும் அளந்து நிறுத்திவிடாதீர்கள். 10 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் வெறும் 3.4 சென்டிமீட்டர், இவ்வளவு பெரிய கோன் அதை டார்ச் வெளிச்சம் போல நேராகத்தான் வீசும். 15 டிகிரி, 30 டிகிரி விலகியும் அளந்தேன். 15-இல் ட்ரெபிள் மிகச் சீராக இருந்தது. பெட்டிகளை அந்த அளவுக்குத் திருப்பி வைத்ததே பாதி மருந்து.

குறை என்றால், யூஎஸ்பி மைக் எதற்கும் உள்ளதுதான்: மின் இணைப்பு வழியாக நேரத்தை ஒப்பிட வழி இல்லை. பல டிரைவர் போட்டு கிராஸ்ஓவர் வடிவமைப்பவர்களுக்கு இது இடைஞ்சல். டிரைவரின் ஓம் அளவையும் மைக் சொல்லாது, அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். ஒற்றை டிரைவர் வைத்திருப்பவருக்கு தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

9.5-இல் இருந்த பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு கூம்புகளும் ஒன்றையொன்று அழிக்கிற இடம் அது, எவ்வளவு ஏற்றிக் கொடுத்தாலும் நிரம்பாது. காதுக்கும் அது தெரியவில்லை.