கோரிமேடு ஞாயிறு புள்ளியியல் வகுப்பு: சாம்பார் சுமார், பாடம் அருமை

கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் நர்ஸாக இருக்கிறேன். ஊழியர்களின் காது, நுரையீரல் பரிசோதனை அறிக்கையெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். அதை வைத்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன்.

கட்டணம் 1,500 ரூபாய், சாப்பாடு சேர்த்து. மாடி அறை, ஏசி பேருக்குத்தான்.

பாடம் எடுத்த ஐயா சூத்திரத்தில் தொடங்கவில்லை. பிராட்ஃபோர்ட் ஹில் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளரில் தொடங்கினார். காசநோய் வந்ததால் மருத்துவம் படிக்க முடியாமல் போனவர், அதே காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையை வடிவமைத்தார். முடிவு 1948இல் வெளியானது: மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். யாருக்கு மருந்து என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை, ஒட்டிய உறைக்குள் இருந்த சீட்டு முடிவு செய்தது. ஐயா அப்படியே உறைகள் ஒட்டி எடுத்துவந்து எங்களைப் பிரிக்க வைத்தார்!

அப்புறம் தொழில்சார் மருத்துவர்கள் முன் ஹில் 1965இல் ஆற்றிய உரை. தொடர்பு தெரிந்தால் மட்டும் போதுமா, அதுதான் காரணமா என்று பார்க்க ஒன்பது கோணங்கள். காரணமா விளைவா, எது முதலில் வந்தது என்பதும் அதில் ஒன்று. எங்கள் பாய்லர் பகுதி ஆட்களின் காது அறிக்கையை நீட்டினேன். “வேலைக்குச் சேர்ந்தப்போ எடுத்த அறிக்கை எங்கம்மா?” என்றார். நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும்.

கம்ப்யூட்டர் பயிற்சி மட்டும் ஓட்டமாக ஓடிவிட்டது. உங்கள் தரவைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். மதியத்துக்கு மேல் தனித்தனியாக உட்கார்ந்து பார்த்துத் தருகிறார்.