இரண்டு நாளில் ஆறடிச் சால்வை என்றார்கள்: நெசவுப் பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன் நூல் கணக்கைக் கேளுங்கள்

பண்டாரவளைக்கும் ஹப்புத்தளைக்கும் இடையில், வாடகைக்கு எடுத்த ஒரு பங்களாவில் அண்மையில் பெரியவர்களுக்கான நெசவுப் பயிற்சி ஒன்று நடந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாள், தலைக்கு 18,500 ரூபா. சுத்தமான பருத்தி நூல், இயற்கைச் சாயம், தும்பறை வடிவம் (கண்டிப் பக்கத்து மரபு நெசவுக் கோலம்), கையோடு ஒரு சொந்தத் தறி, நீங்களே நெய்த ஆறடிச் சால்வை என்று விளம்பரம் சொன்னது. பதுளை, ஹட்டன், தலவாக்கலைப் பக்கங்களில் இருந்து 14 பேர் போனார்கள். சால்வையோடு ஒருவரும் திரும்பவில்லை.

நெசவு கற்றுக் கொடுப்பவர்கள் நாங்கள். போனவர்கள் கொண்டுவந்த துணி, தறி, மிச்ச நூல் எல்லாவற்றையும் நிறுத்து, அளந்து, ஒரு துண்டை எரித்தும் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறோம். நடத்தியவர்களின் பெயரைப் போடவில்லை. இதே விளம்பரம் நாளை வேறு பெயரில் வரலாம் என்பதால் ஏமாற்று எங்கே இருந்தது என்பதுதான் முக்கியம்.

முதலில் தறி. கொடுத்தது 60 சென்டிமீட்டர் உயரமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு மரச் சட்டம். மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டருக்கு ஓர் ஆணி. சுற்றிவிடும் உருளை எதுவும் இல்லை. உருளை இல்லாத சட்டத்தில் துணியின் நீளம் சட்டத்தின் உயரத்தைத் தாண்டாது. மேலும் கீழும் நூலைத் தூக்க இடம் விட்டால் 60 சென்டிமீட்டர் சட்டத்தில் 50க்குள்தான் துணி வரும். பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலை, முன்னும் பின்னுமாக வளையமாய்ச் சுற்றினாலும் ஏறக்குறைய அதன் இரு மடங்குதான். 180 சென்டிமீட்டர் சால்வை அந்தச் சட்டத்தில் பிறக்கவே முடியாது. இது நடத்தியவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. விளம்பரப் படத்தில் இருந்ததோ இரண்டு உருளையும், இழைகளைப் பிரித்துப் பிடிக்கும் சீப்பு போன்ற அச்சும் உள்ள மேசைத் தறி. பணம் கட்டும் முன் ஒரே கேள்வி போதும்: பாவு சுற்றும் உருளை இருக்கிறதா?

அடுத்தது நூல். ஆளுக்கு ஒரு 50 கிராம் உருண்டை, மேலே 2/8 பருத்தி என்று ஒரு துண்டுச் சீட்டு. நூல் இலக்கம் என்பது ஒரு இறாத்தலில் 840 யார் நீளச் சிட்டம் (நூல் கட்டு) எத்தனை என்பதுதான். 2/8 என்றால் எட்டாம் இலக்க நூல் இரண்டை முறுக்கியது, ஆகவே இறாத்தலுக்கு நான்கு சிட்டம், 3,360 யார். கிராமுக்கு 6.77 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 50 கிராமில் சுமார் 338 மீட்டர் இருக்கும்.

சால்வைக்கு எவ்வளவு வேண்டும்? 14 அங்குல அகலம், அங்குலத்துக்கு 12 இழை, மொத்தம் 168 பாவிழை. நீளம் 180 சென்டிமீட்டர், நெய்யும்போது சுருங்குவதற்கு 18, இரு பக்கக் குஞ்சத்துக்கும் 30, தறியில் நெய்ய முடியாமல் நின்றுபோகும் கடைசிக்கு 50. ஆக ஓர் இழைக்கு 2.8 மீட்டர். பாவுக்கு மட்டும் 470 மீட்டர். ஊடைக்கு, அதாவது குறுக்கே ஓடும் நூலுக்கு, அங்குலத்துக்கு 11 ஓட்டம் வைத்தால் இன்னும் 300 மீட்டருக்குக் குறையாது. கூட்டினால் ஏறத்தாழ 115 கிராம், அறுந்து வீணாவதைச் சேர்த்து 130 கிராம். கொடுத்த உருண்டை பாவுக்கே காணாது. சமையலறைத் தராசு இருந்தால் யாரும் இதைக் கண்டுபிடிக்கலாம்.

அந்த உருண்டை பருத்தியும் அல்ல. ஒரு சாண் துண்டை இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு நெருப்பில் காட்டினோம். பருத்தி என்றால் கடதாசி எரிந்த மணம் வந்து, தொட்டால் உதிரும் மெல்லிய சாம்பல் மிஞ்சும். இது உருகிச் சொட்டி, ஆறியதும் நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு மணியாய் நின்றது. அக்ரிலிக். கடையில் உல்லன் நூல் என்று விற்கிறார்களே, அதேதான். (உண்மையான கம்பளி மயிர் கருகும் மணம் தரும், சாம்பலும் நொறுங்கும்.) அக்ரிலிக்கில் நெய்வது குற்றமில்லை. பருத்தி என்று சொல்லிக் கொடுத்ததுதான் குற்றம். அதைவிட மோசம், அதே நூலை வைத்து இயற்கைச் சாய வகுப்பும் நடத்தியது.

அக்ரிலிக் இழை தாவரச் சாயத்தை ஏற்றுக்கொள்வதே இல்லை என்று சொல்லலாம். அது ஒரு பக்கம். பருத்தியே கொடுத்திருந்தாலும் அங்கு காட்டிய முறை நிற்காது. பீட்ரூட்டைக் கொதிக்க வைத்து, உப்பும் வினாகிரியும் போட்டால் சாயம் பிடித்துவிடும் என்றார்களாம். பீட்ரூட்டின் சிவப்பு சூட்டிலும் வெளிச்சத்திலும் சிதைந்து போகும். எதைப் போட்டாலும் பருத்தியில் தங்காது. மஞ்சள் உடனே பிடிக்கும், ஆனால் வெயிலில் வெளிறும், சவர்க்காரம் பட்டால் சிவக்கும்.

ஒழுங்கான முறைக்குப் பொறுமை வேண்டும். 100 கிராம் பருத்திக்கு 4 கிராம் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தால் தண்ணீர் பழுப்பாய் மாறும், அதுதான் நூலில் இருந்த மெழுகும் அழுக்கும். அலசிவிட்டு 15 கிராம் கடுக்காய்ப் பொடி கரைத்த சுடுநீரில் இரவு முழுக்க ஊறவிட வேண்டும். பிறகு 15 கிராம் படிகாரம், 2 கிராம் சலவைச் சோடா, வெதுவெதுப்பான நீரில் சில மணி நேரம். அதன் பிறகுதான் சாயம். மலைநாட்டு ஈரக் காற்றில் நூல் காயவே ஒரு நாளுக்கு மேல் போகும். ஆகவே சாயமும் நெசவும் இரண்டு நாளில் முடியும் என்றால், சாயமிட்ட நூல் முன்பே தயாராக இருக்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே தேயிலை நிற்கிற ஊர் இது. 100 கிராம் நூலுக்கு 100 கிராம் தேயிலைத் தூள், ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து வடித்து, அந்தச் சாற்றில் கழுவிய பருத்தியை இன்னொரு மணி நேரம் மெல்லிய சூட்டில் வைத்து, ஆறும் வரை அப்படியே விட்டால் நல்ல பழுப்பு நிற்கும். படிகாரம்கூட வேண்டாம், தேயிலையின் துவர்ப்பே பிடித்துக்கொள்ளும். ஒரு கிராம் அன்னபேதி (இரும்பு உப்பு) சேர்த்தால் சாம்பல் நிறம். இரண்டு கிராமைத் தாண்டினால் நூல் நாள்பட நொறுங்கும்.

இதில் எங்களுக்கு மிகவும் கோபம் வந்த விஷயம் மயில்துத்தம். பச்சை நிறம் காட்டுவதற்காக அந்த நீலக் கட்டியை, கையுறை இல்லாமல், பகல் சோறு ஆக்கிய சட்டியிலேயே கரைத்திருக்கிறார்கள். மிச்சத்தை வாய்க்காலில் ஊற்றியிருக்கிறார்கள். அது செம்பு உப்பு. வயிற்றுக்குள் போனால் நஞ்சு, மீனைக் கொல்லும். கீழே லயத்து மக்கள் பீலியில் பிடிப்பது அந்தச் சரிவில் இறங்கும் தண்ணீரைத்தான். சாயச் சட்டி வேறு, சமையல் சட்டி வேறு என்று சொல்லாத ஆசிரியரிடம் ஒரு மணி நேரமும் இருக்க வேண்டாம்.

துணி ஏன் கொசுவலை போல் வந்தது என்று எல்லாரும் கேட்டார்கள். உங்கள் கை பிழையல்ல. சென்டிமீட்டருக்கு ஓர் ஆணி, ஆணிக்கு இரண்டு இழை என்றால் அங்குலத்துக்கு ஐந்து இழைதான் விழும். மெல்லிய நூலுக்கு அது போதவே போதாது, ஊடை வழுக்கிக்கொண்டே இருக்கும். நடு இழைகள் தொய்ந்ததற்குக் காரணம் சட்டத்தின் மேல் கீழ்க் கம்புகள். 2 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் பருமனான, காயாத சவுக்குப் பலகை. இழுவிசையில் நடுவில் வளைந்து கொடுத்தால் ஓர இழை விறைக்கும், நடு இழை தளரும். சட்டமும் கோணியிருந்தது. எதிர் மூலைகளுக்கு நூல் பிடித்துப் பார்த்தால் இரண்டு நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும், இங்கே 2 சென்டிமீட்டர் வித்தியாசம். துணியின் அகலம் 35 சென்டிமீட்டரில் தொடங்கி 27க்குச் சுருங்கியது மட்டும் கைப்பழக்கத்தால் வருவது. ஊடையை நேராக இழுக்காமல் ஒரு வில் போல் மேலே வளைத்து விட்டு, பிறகு தட்ட வேண்டும். முதல் பத்து வரிக்குள் ஒருவர் பக்கத்தில் நின்று சொன்னால் திருந்திவிடும். 14 பேருக்கு ஓர் ஆசிரியர் என்றால் யார் நிற்பது? ஆறு பேருக்கு மேல் ஒருவரால் முடியாது.

தும்பறை வடிவம் என்று காட்டியது, நெய்த துணியின் மேல் அச்சுத் தகடு வைத்துப் பூசிய பெயின்ட். கண்டி மாவட்டத்துத் தலகுனே கிராமத்தில் நெய்கிறவர்கள் ஒவ்வொரு வரிக்கும் சிறு குச்சிகளால் பாவிழையைப் பொறுக்கித் தூக்கி, கூடுதல் ஊடை கோத்து அந்த வடிவத்தை எடுக்கிறார்கள். வடிவம் துணிக்குள்ளேயே இருக்கும். அவர்களின் பெயரைச் சொல்லிப் பெயின்ட் பூசுவது அவர்களுக்கும் செய்கிற அநியாயம்.

நேரக் கணக்கையும் பாருங்கள். தேத்தண்ணி, சாப்பாடு போக ஒரு நாளுக்கு ஐந்து மணி நேரம், மொத்தம் பத்து. புதியவர் 168 இழை ஓட்டி, அச்சில் கோத்து, கட்டி முடிக்க நான்கு மணி நேரமாவது பிடிக்கும். மீதி ஆறில், மணிக்கு 12 சென்டிமீட்டர் நெய்தால் 72 சென்டிமீட்டர். நல்ல தறியும் போதிய நூலும் இருந்தாலும் இதுதான் நடக்கும். சால்வை தருவதாகச் சொல்கிறவர் பாவு ஏற்றிய தறியைத் தயாராக வைத்திருக்கிறாரா, நாட்களைக் கூட்டுகிறாரா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் மேசை விரிப்பு என்று விளம்பரம் போடட்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்குப் பொருளைப் பாவித்துவிட்டீர்களே என்று பதில் வந்திருக்கிறது. ரசீது யாரிடமும் இல்லை, தனிநபர் கணக்குக்கு அனுப்பிய வங்கிச் சீட்டு மட்டும்தான். அதுவே சான்றுதான், விளம்பரத்தின் படத்தோடு சேர்த்து வையுங்கள். மிச்ச நூலைத் தூக்கி எறிய வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம், சேவை பெற்ற நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள். தொலைபேசி 1977.

அந்த மரச் சட்டத்தை விறகாக்கவும் வேண்டாம். முறையீடு முடிந்த பின், நான்கு மூலையிலும் திருகாணி போட்டு, மேல் கீழ்க் கம்புகளின் பின்னால் 4 சென்டிமீட்டர் அகலக் காய்ந்த பலகையை அறைந்து விறைப்பாக்குங்கள். அங்குலத்துக்கு ஐந்து இழை சால்வைக்குத்தான் கெடுதல், துணி விரிப்புக்கு அதுவே சரியான இடைவெளி. பாவுக்கு முறுக்கேறிய பருத்திக் கயிற்று நூல், ஊடைக்குப் பழைய பருத்திச் சேலையை 2 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கிழித்த நாடா. ஒவ்வொரு வரியையும் முள்ளுக்கரண்டியால் பாவு மறையும் வரை கீழே தட்டி இறக்குங்கள்.