உழவர் சந்தையா, தெருமுனைக் கடையா?

மாத உணவுச் செலவில் அரிசி, பருப்புக்கான தொகை ஓரளவு நிலையாக இருக்க, காய்கறிக்கான தொகையே அதிகம் ஏறி இறங்குவதால், அதை எங்கே வாங்குவது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

விலை: 1999இல் மதுரையில் தொடங்கி மற்ற ஊர்களுக்கும் பரவிய உழவர் சந்தையில் இடைத்தரகர் இல்லை என்பதுடன், அன்றைய விலை பலகையில் எழுதப்படுவதால் பேரம் பேசும் சங்கடமும் இல்லை. தெருமுனைக் கடையில் விலை பெரும்பாலும் கூடுதல்தான். கறிவேப்பிலை கொசுறாகக் கிடைப்பது சிறிய ஆறுதல்.

அளவு: மலிவாக இருக்கிறதென்று சந்தையில் அள்ளி வந்த கீரையும் தக்காளியும் அழுகினால், மிச்சம் பிடித்த பணம் குப்பைக்கே போகும். கடையில் கால் கிலோ வாங்கலாம்.

நேரம்: சந்தைக்குக் காலையிலேயே செல்ல வேண்டும், கடை இரவிலும் திறந்திருக்கும்.

பெரிய குடும்பத்தினர் சின்ன வெங்காயம், சேனை, பூசணி போன்ற நாள்பட நிற்கும் காய்களை வாரம் ஒருமுறை சந்தையில் வாங்குவதே லாபம். இருவர் மட்டும் உள்ள வீட்டிற்கு, ஆட்டோ கட்டணத்தையும் கணக்கில் சேர்த்தால், தெருமுனைக் கடையே ஏற்றது.