கொழும்பில் காட்டாத நோய்: என் காரின் ஸ்லோ கதை

தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவிலுள்ள பாடசாலைக்குத் தினமும் காரில் போய் வருகிறேன். கார் 1999ஆம் ஆண்டுத் தயாரிப்பு, 1500 சிசி, மெனுவல் கியர், ஜப்பான். கம்பெனிப் பெயர் வேண்டாம். அந்த வயதில் எந்தக் காருக்கும் வரக்கூடிய கோளாறுதான். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழையதைக் கட்டிக்கொண்டு அழுவதைத் தவிர நமக்கும் வேறு வழி இருக்கவில்லை.

2021 கடைசியில் ஸ்லோ, அதாவது எக்சிலரேட்டரில் கால் வைக்காதபோது எஞ்சின் தானாக ஓடும் அந்த மெதுவான ஓட்டம், குழம்பத் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் எடுத்தால் ஆர்பிஎம் முள் 1400க்கு ஏற வேண்டும்; அது 500க்கு விழுந்து, நடுங்கி, நின்றுவிடும். ஹெட்லைட் போட்டாலும் நிற்கும், ஸ்டீரிங்கை முழுதாக ஒடித்தாலும் நிற்கும். சமதரையில் இது வெறும் எரிச்சல். இறக்கத்தில் அப்படியில்லை. ஒருநாள் ரதல்ல குறுக்கு வீதியில் இறங்கும்போது கியர் மாற்றக் கிளட்சை மிதித்தேன், எஞ்சின் ஓசையே இல்லாமல் செத்துவிட்டது. ஸ்டீரிங் கல்லாக இறுகியது. பிரேக் மிதியை இலேசாக்கும் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் காணும். கிளட்சை விட்டதும் கியரிலேயே எஞ்சின் மறுபடி பிடித்துக்கொண்டது. அன்றைக்கு முதல் இரண்டு பாடவேளையும் பிள்ளைகளுக்கு வாசிப்புதான் கொடுத்தேன்.

முதலில் போன கராஜில், எஞ்சினுக்குக் காற்றுப் போகும் த்ரொட்டில் பாடியையும், ஸ்லோவில் அந்தக் காற்றை அளந்து விடும் ஐடில் வால்வையும் கழற்றி, கரி போகக் கழுவினார்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி. கொழும்புக்குக் கொண்டுபோய், எஞ்சினை நடத்தும் கொம்பியூட்டரை ஸ்கேன் பண்ணினோம், பிழை எண் (எரர் கோட்) ஒன்றும் வரவில்லை. காரும் அங்கே தங்கமாக நின்றது. பாஸ் (மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னை ஒரு மாதிரி பார்த்தார். சரி, வந்ததற்கு ஏதாவது வாங்குவோம் என்று பழைய வாகனச் சாமான் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் பழைய வால்வு ஒன்றை 14,000 ரூபாய்க்கு வாங்கி மாட்டிக்கொண்டு மலையேறினேன். மாசி, பங்குனி முழுக்க ஒரு குறையும் இல்லை. சித்திரை மழை விழுந்ததும் மறுபடி தொடங்கியது. வேலை செய்தது வால்வு இல்லை, வெயில் என்பது அப்போது புரியவில்லை.

2022 பெற்றோல் வரிசையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஐந்தடி நகர்வதற்குள் இரண்டு தரம் நிற்கும். கடைசியில் ஸ்டார்ட் பண்ணுவதையே விட்டுவிட்டுத் தள்ளிக்கொண்டே போனேன். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னால் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

அதன் பிறகு இன்னொருவர், த்ரொட்டில் எதுவரை மூடும் என்று தடுத்து நிறுத்தும் ஸ்டொப் ஸ்க்ரூவைத் திருகி, சூடான எஞ்சினையே 1200இல் ஓட வைத்தார். நிற்பது குறைந்தது, பெற்றோல் குடிப்பது கூடியது. அந்த ஸ்க்ரூவைத் தொடவே கூடாது. அதைத் திருகினால் த்ரொட்டில் முழுதாக மூடாது, ஐடில் சுவிட்சும் ஒட்டாது. ஸ்லோவில் நிற்கிறோம் என்பதே கொம்பியூட்டருக்குத் தெரியாமல் போய், அது வால்வைக் கவனிப்பதையே விட்டுவிடும்.

2023 ஜனவரியில் லிந்துலைப் பக்கம் ஒரு வயரிங் பாஸைப் பிடித்தேன். என் மாணவர் வயதுதான் இருக்கும். "கார ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்க சேர். விடியக்காலை குளிர்லதான் பார்க்கணும்" என்றார். அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். குளிர்ந்த எஞ்சின் நிற்காமல் ஓட இந்த மெல்லிய காற்று கூடுதலாக வேண்டும். வால்வு நிறையத் திறக்க வேண்டும். கொழும்புச் சூட்டில் அதற்கு அவ்வளவு வேலை இல்லை. அங்கே எப்படி நோய் காட்டும்?

என் கார் வால்வு ஸ்டெப்பர் மோட்டர் வகை, ஆறு பின். நடுவிலுள்ள இரண்டு பின்னுக்கும் பெட்டரிக் கரண்ட் வரும். மற்ற நான்கையும் கொம்பியூட்டர் மாறி மாறி எர்த் பண்ணி, மோட்டரைப் படிப்படியாகத் திருப்பும். எத்தனை படி அனுப்பினோம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுமே தவிர, மோட்டர் உண்மையில் திரும்பியதா என்று பார்க்க அதற்கு வழியில்லை. ஸ்கேனில் ஒன்றும் வராததும் அதனால்தான்.

பாஸ் பிளக்கைக் கழற்றி மீற்றரை வைத்தார். இரண்டு பின்னிலும் 12.3 வோல்ட். எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் ஒன்றும் பேசாமல் 21 வாட் சிக்னல் பல்பு ஒன்றை எடுத்தார், இரண்டு வயர் ஒட்டியது. ஒரு பின்னில் வைத்ததும் பளிச்சென்று எரிந்தது. மற்றதில் எண்ணெய் தீர்ந்த சாமி விளக்கு மாதிரி செம்மஞ்சளாய் முனகியது.

"பைப்பை மூடி வச்சிப் பார்த்தா பிரஷர் இருக்கத்தான் செய்யும் சேர். திறந்து விட்டாத்தானே தண்ணி வருதான்னு தெரியும்."

(இந்தப் பல்பு வித்தை கரண்ட் வரும் அந்த இரண்டு பின்னில் மட்டும்தான். கொம்பியூட்டர் பக்கம் போகும் நான்கில் வைத்தால் உள்ளேயிருக்கும் டிரான்சிஸ்டர் தாங்காது.)

வயரைப் பிடித்துக்கொண்டே போனார். பெட்டரித் தட்டுக்குப் பின்னால், ஒரு பிராக்கெட் விளிம்பில் உரசும் இடத்தில் கை நின்றது. வெளியே ஒரு கீறல்தான். தோலை உரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்து, மாவாக உதிர்ந்தது. உருப்படியாக மிஞ்சியிருந்தவை இரண்டோ மூன்றோ இழைகள். எஞ்சின் ஆடும்போதெல்லாம் உரசி, மூடுபனி ஈரம் உள்ளே இறங்கியிருக்கிறது.

நாலு அங்குலத்தை வெட்டி எறிந்து, அதே தடிப்பில் புது வயர் வைத்து, ஈயம் பற்றவைத்து, சுருங்கும் சிலீவ் போட்டார். பிராக்கெட்டைத் தொடாமல் கொஞ்சம் தளர்வாகக் கட்டினார். பிறகு வால்வை அளந்தார். ஒவ்வொரு கொயிலும் 28 முதல் 33 ஓம் இருக்க வேண்டும். நான் 14,000 கொடுத்து வாங்கியதில் ஒன்று 12 ஓம்தான் காட்டியது. நல்ல வயரோடு அதை மாட்டினால் கரண்ட் கூடுதலாக இழுத்துக் கொம்பியூட்டரை எரித்துவிடும் என்றார். அந்தச் செத்த வயர்தான் இவ்வளவு நாளும் கொம்பியூட்டரைக் காப்பாற்றியிருக்கும் போல. பிஸ்கட் டின்னில் கிடந்த காரின் சொந்த வால்வை எடுத்து வந்தேன். எல்லாக் கொயிலும் 30 ஓம். அதையே திரும்ப மாட்டினோம். சாவியைப் போட்டதும் வால்விலிருந்து ஒரே சீராக ஒரு 'கிர்ர்' சத்தம் வந்தது. அதைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, பெட்டரி நெகட்டிவைப் பத்து நிமிடம் கழற்றி வைத்து, பிறகு லைட், ஏ.சி. எதுவும் போடாமல் எஞ்சினை ஓடவிட்டோம். சூடானதும் முள் 750இல் நின்றது. கூலி, சாமான் எல்லாம் 3,500 ரூபாய்.

அதன் பிறகு 19,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. ஒரு ஆடி மழையில் மட்டும் ஸ்லோ ஏறி இறங்கியது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பார்த்தால் வெற்றிடக் குழாய் ஒன்றில் வெடிப்பு, ஒரு சாண் ரப்பரோடு முடிந்தது. கண்ணாடிப் பனி போக ஏ.சி. போட்டால் நுவரெலியாவில் முள் இன்னும் லேசாகக் குனிந்துதான் எழும்புகிறது. அதை நான் நோண்டுவதாக இல்லை. த்ரொட்டில் ஸ்க்ரூ தலையில் மனைவியின் நெயில் பொலிஷால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். சர்விசுக்கு விட்டு எடுக்கும்போதெல்லாம் முதலில் பொனட்டைத் திறந்து அதைத்தான் பார்க்கிறேன்.