ஆறு மாதத்தில் பல்லை நேராக்கித் தருகிறோம் என்பவர்களிடம் காசு கட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

3 லட்சத்து 85 ஆயிரம் ரூபா. நேற்று மாலை அதைக் கேட்டுப் போனதற்கு, "ஓபரேஷன் செஞ்சாச்சு, காசு திருப்பித் தர ஏலாது" என்று கவுண்டரில் இருந்த மிஸ் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லி அனுப்பிவிட்டார். இரவு முழுக்கத் தூக்கமில்லை. எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கள்.

பெயர் போட மாட்டேன். மலையகத்தில் ஒரு டவுன், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருக்கும் தனியார் பல் கிளினிக். "இரண்டு வருடம் கம்பி போட்டுக்கொண்டு திரிய வேண்டாம்" என்று பேஸ்புக்கில் விளம்பரம் ஓடுகிறது.

என் மகளுக்கு 22 வயது. மேல்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஹோட்டல் வரவேற்பு வேலைக்குப் படிக்கிறாள், படிப்பு முடிவதற்குள் பல்லைச் சரிசெய்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதனால்தான் அந்த விளம்பரத்தை என்னிடம் காட்டினாள்.

முதல் நாள் அந்த டொக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசியதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அவசரமே படவில்லை. எக்ஸ்ரே வந்த கவரைத் திருப்பிப் போட்டு, நீலப் பேனாவால் பல்லின் வேர்களை வரிசையாக வரைந்தார். வேருக்கும் வேருக்கும் நடுவில் சின்னச் சின்னக் கோடு போட்டார். "ஈறைத் திறந்து இந்த எலும்பு மேல லேசா கீறி விடுவோம் அண்ணே. காயம் ஆறுறதுக்காக எலும்பு கொஞ்ச நாளைக்கு இளகும். அந்த மூணு நாலு மாசத்துல கம்பிய இறுக்கி இழுத்தா பல்லு வேகமா நகரும். மேல எலும்புத்தூளும் வச்சுத் தைப்போம்." அப்புறம் எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னதும், "நானும் லயத்துல வளர்ந்தவன்தான்" என்றார். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. நம்ம பிள்ளை ஒன்று படித்து இந்த நிலைக்கு வந்து, நமக்கே வைத்தியம் பார்க்கிறது என்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

கொடுமை என்னவென்றால், அவர் வரைந்து காட்டியதில் பொய் இல்லை. இப்போது எல்லாவற்றையும் தேடிப் படித்துவிட்டோம். எலும்பைக் கீறிப் பல்லை நகர்த்துவது பற்றிக் கோல் என்ற வைத்தியர் 1959இலேயே எழுதியிருக்கிறார். எலும்புத்தூள் வைத்துச் செய்யும் முறையை அமெரிக்காவில் வில்கோ என்ற சகோதர வைத்தியர்கள் 2001இல் வெளியிட்டார்கள். வைத்தியம் உண்மையானது. ஆனால் வெட்டுவது பாதி வேலைதான். எலும்பு இளகியிருக்கும் காலத்தில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கம்பியைப் பார்த்து இறுக்க வேண்டும். அந்தக் காலம் போய்விட்டால் எலும்பு பழையபடி இறுகிவிடும், வெட்டியது வெட்டியதுதான்.

இவர்கள் வெட்டுவதற்கு முன்பே முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். என் மனைவி கொழுந்து எடுக்கிறவள். 2024இல் கூட்டிக் கொடுத்தபோதும் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாதான் ஆனது. 3 லட்சத்து 85 ஆயிரத்தை அதால் வகுத்துப் பாருங்கள். சீட்டுக் காசும் போய், சங்கிலியும் அடகுக்குப் போனது. ரசீதில் "பல் சிகிச்சை" என்று ஒரே வரி.

ஓபரேஷன் முடிந்து பிள்ளை முகம் வீங்கிக் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தாள். கம்பி இறுக்கும் நிபுணர் கொழும்பிலிருந்து சனிக்கிழமைகளில் வருவாராம். முதல் சனி வரவில்லை. அடுத்த சனி, பாதையில் மண் சரிந்துவிட்டது என்றார்கள். அன்று அதே பாதையில் கொழும்பு பஸ் ஓடியதை நான் பார்த்தேன். அப்புறம் கம்பி ஸ்டாக் வரவில்லை. அப்புறம் வட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும், பதில் வராது. இடையில் ஒரு நாள் யாரோ ஒரு பிள்ளை ரப்பரை மட்டும் மாற்றி அனுப்பியது. நான் சத்தம் போட்ட அன்று டொக்டர் வெளியே வந்து, "பொறுமையா இருங்க அண்ணே, எலும்பு எங்கயும் ஓடிப்போகாது" என்றார். இளகிய எலும்பு காத்திருக்காது என்று கவரில் வரைந்து காட்டிய அதே மனுஷன்!

கடைசியில் பேராதனைப் பல் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வேகமாக நகரும் காலம் முடிந்துவிட்டது, இனி எல்லோருக்கும் போல ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும் என்றார்கள். ஒரு பல்லில் ஈறு மேலேறி வேர் தெரிகிறது. வலிக்கு என்ன மாத்திரை தந்தார்கள் என்று கேட்டார்கள். இபுபுரூஃபன் என்றோம். எலும்பை இளக வைக்கும் வேலையையே அது மட்டுப்படுத்தக்கூடும் என்பதால் இந்த வைத்தியத்தில் பெரும்பாலும் பரசிட்டமோல்தான் கொடுப்பார்களாம். அதைக்கூட கிளினிக்கில் யோசிக்கவில்லை. பணத்தையாவது இன்னொரு சீட்டுப் பிடித்துச் சேர்க்கலாம். அந்த மூன்று நான்கு மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்?

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. இதையாவது செய்யுங்கள். கம்பி இறுக்கும் நிபுணரை நேரில் பார்க்காமல் வெட்ட விடாதீர்கள். அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா, பல் சீரமைப்பில் நிபுணரா என்று கேளுங்கள். வெட்டிய பிறகு வரவேண்டிய திகதிகளை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்ட வேண்டாம். எலும்புத்தூளுக்குத் தனியாகக் காசு எடுத்தால், என்ன வைத்தார்கள் என்று தெரிய, அந்தத் தூள் பாக்கெட்டில் இருக்கும் ஸ்டிக்கரை உங்கள் கொப்பியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள், எங்களுக்குத் தரவில்லை.

மருத்துவ சபைக்கும், தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்கும் நாளைக்கு முறைப்பாடு போடுகிறேன். அதே மாடியில் வெட்டிக்கொண்டு சனிக்கிழமைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் யாராவது இருந்தால் இனியும் காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிக்கொண்டு இந்த வாரமே பேராதனைக்குப் போங்கள், உங்களுக்கு இன்னும் நாள் இருக்கலாம்.